ஒரே றோட்டு, வேற வேற காலம்: பரந்தன் தொழிற்சாலையும் அறிவியல் நகரும்

ஆனையிறவிலிருந்து ஏ9 வீதியால் தெற்கே வந்தால் முதலில் உப்பளம், பிறகு பரந்தன், பிறகு கிளிநொச்சி நகரம். அதையும் தாண்டினால் அறிவியல் நகர், அதுக்கு அங்கால முறிகண்டி. பஸ்ஸில் வந்தால் ஒரு மணித்தியாலம்கூடப் பிடிக்காது. இந்தத் துண்டு றோட்டின் ஒரு அந்தத்தில் ஒரு காலத்தில் இலங்கைக்கே குளோரின் செய்துகொடுத்த தொழிற்சாலை இருந்தது. மற்ற அந்தத்தில் இப்ப யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மூன்று பீடங்கள் இருக்கு. ஆனால் இந்த ரெண்டும் ஒரே நேரத்தில் நிலைச்சு நிண்டு இயங்கின காலம் எண்டு ஒண்டு இல்லை.

இதை ஏன் இப்ப எழுதுறம்? பல்கலைக்கழக ஆய்வுக்கு அரசாங்கம் காசு குடுக்கிற நேரமெல்லாம் இப்ப ஒரு சொல் கூடவே வருது: "தொழிற்துறையுடனான இணைப்பு". விண்ணப்பப் படிவத்தில் "உங்கள் தொழிற்துறைப் பங்காளி யார்?" எண்டு ஒரு கட்டம் இருக்கும். கொழும்பிலோ கட்டுநாயக்கா பக்கமோ இருக்கிறவைக்கு அந்தக் கட்டத்தை நிரப்புறது பெரிய வேலை இல்லை. வன்னியில் இருக்கிற ஒரு பீடம் யாரின்ர பெயரை எழுதும்? பங்காளி ஏன் இல்லாமல் போனார் எண்டதுக்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் இங்க சொல்லப் பார்க்கிறம்.

தொழிற்சாலை இருந்தது, பல்கலைக்கழகம் இல்லை

ஆனையிறவு உப்பளம் 1938இல் தொடங்கியது. கடனீரேரி, வெயில், காத்து: மூண்டும் இயற்கையாகவே அங்க இருந்தது. 1950களில் அதுக்குப் பக்கத்தில பரந்தனில் அரசாங்கம் இரசாயனத் தொழிற்சாலையைக் கட்டினது. காரணம் லேசானது. உப்புக் கரைசலுக்குள்ளால மின்சாரத்தைச் செலுத்தினால் ஒரு பக்கம் குளோரினும் மற்றப் பக்கம் ஐதரசனும் வரும், மிச்சமாக எரிசோடா கிடைக்கும். உயர்தரத்தில் இரசாயனவியல் படிச்ச எல்லாருக்கும் இது தெரிஞ்ச பாடம்தான். எரிசோடா சவர்க்காரத்துக்கும் காகிதத்துக்கும் வேணும். குளோரின் குடிதண்ணியைச் சுத்திகரிக்க வேணும். அதாவது ஆனையிறவு உப்பு பரந்தனில் இன்னொரு பொருளாக மாறி நாடு முழுக்கப் போனது. உப்பை உப்பாகவே விக்காமல் பெறுமதி கூட்டி விக்கிறது எண்டு இண்டைக்கு மேடைகளில் பேசுற விசயத்தை அறுபது எழுபது வருசத்துக்கு முந்தியே வன்னியில செய்திருக்கினம்.

அந்த நேரம் ஆய்வு எங்க இருந்தது? உலக வங்கியின் குழு ஒன்று இலங்கைக்கு வந்துபோய் 1952இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. அது சொன்ன யோசனைகளில் ஒன்று, தொழிற்துறை ஆய்வுக்கு எண்டு தனி நிறுவனம் வேணும் எண்டது. அப்படித்தான் 1955இல் இலங்கை விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனம் கொழும்பில் உருவானது. 1998இலிருந்து அதுக்குக் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் எண்டு பெயர். நல்ல நிறுவனம்தான், கேள்வி தூரம் பற்றினது. உப்பும் குளோரினும் வன்னியில், ஆய்வுகூடம் கொழும்பில், பல்கலைக்கழகம் பேராதனையிலும் கொழும்பிலும். வடக்கில் பல்கலைக்கழக வளாகம் வந்தது 1974இல்தான். கைலாசபதி தலைவராக இருந்து தொடங்கிய அந்த வளாகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. அதுவும் திருநெல்வேலியில். பரந்தன் தொழிற்சாலை தன்ர நல்ல காலத்தை முடிக்கிற நேரம் பல்கலைக்கழகம் அப்பதான் நடக்கப் பழகிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் இருந்தால் என்ன நடக்கும்?

"பக்கத்தில் இருந்தால் மட்டும் என்ன வித்தியாசம் வந்திருக்கும்?" எண்டு கேட்கலாம். நியாயமான கேள்வி. சென்னையில் ஒரு உதாரணம் இருக்கு. 1948இல் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அருகிலேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி. தோல் தொழில்நுட்பம் படிக்கிற மாணவர்களுக்கு ஆய்வு நிறுவனமும் வகுப்பறை மாதிரித்தான். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் பதனிடும் தொழில், பெரும்பாலும் சின்ன முதலாளிகளின் கையில் இருந்தது. அவர்களால் சொந்தமாக ஆய்வுகூடம் வைக்க ஏலாது. அந்த இடத்தை அரசாங்கக் காசில் நடந்த நிறுவனம் நிரப்பினது. 1950களின் கடைசியிலிருந்து 1971 வரை இயக்குநராக இருந்த நாயுடம்மா, விஞ்ஞானிகள் தொழிற்கூடத்துக்குப் போய்ப் பிரச்சினையைப் பார்க்கவேணும் எண்டதில் உறுதியாக நிண்டவர். 70களில் இந்திய அரசு பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்யிறதைக் கட்டுப்படுத்தினபோது, முடிச்ச தோலும் தோல்பொருளும் செய்யிற நிலைக்கு அந்தத் தொழிலால் நகர முடிஞ்சதுக்கு இந்த ஆய்வுப் பின்பலமும் ஒரு காரணம்.

இதில மற்றப் பக்கமும் இருக்கு. அதே தோல் தொழில்தான் பாலாற்றை நாசமாக்கினது. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் வேலூர்ப் பகுதி மக்களின் வழக்கில் தீர்ப்புச் சொல்லவேண்டி வந்தது. ஆகவே "பல்கலைக்கழகமும் தொழிற்துறையும் கைகோர்த்தால் எல்லாம் நல்லது" எண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்ல எங்களுக்கு மனமில்லை. யாருக்காக ஆய்வு, கழிவு யாரின்ர கிணத்துக்குள்ள போகுது எண்ட கேள்வியும் சேர்ந்தே வரவேணும். குளோரின் தொழிற்சாலை இருந்த ஊருக்கு அது இன்னும் பொருந்தும்.

பல்கலைக்கழகம் வந்தது, தொழிற்சாலை போயிற்று

80களில் தொடங்கிய போரோட பரந்தனில் உற்பத்தி நிண்டு போனது. 1990இல் சண்டை திரும்ப மூண்டதோட ஆனையிறவு உப்பளமும் முடங்கியது. இதில் ஒரு கொடுமையான பொருத்தம்: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டதும் அதே 1990இல்தான். வன்னிக்கு உயர்கல்வி காலடி வைச்ச வருசமும் தொழிற்துறை வெளியேறின வருசமும் ஒன்று. பீடத்தாலும் அங்க நிலைக்க முடியேல்லை. இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் போய், கனகாலம் அங்கதான் நடந்தது.

வவுனியாவில் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக ஒண்டு தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாகியது. பிரயோக விஞ்ஞானமும் வியாபாரக் கற்கையும் அதன் இரண்டு பீடங்கள். ஓமந்தைக்கு அங்கால பொருளாதாரத் தடை. எரிபொருள், உரம், சீமெந்து, பற்றரி எண்டு போகவிடாத சாமான்களின் பட்டியல் நீண்டது. எங்கட அம்மா அப்பா ஆக்கள் அந்தக் காலத்தைச் சொல்லேக்க சைக்கிள் டைனமோவில ரேடியோ கேட்டதையும், தேங்காயெண்ணெய் விளக்கில படிச்சதையும் சொல்லுவினம். தட்டுப்பாட்டுக்குள்ள ஆக்கள் கண்டுபிடிச்சவையும் ஒரு வகைத் தொழில்நுட்பம்தான். ஆனால் அதுக்கு மானியமும் இல்லை, ஆய்விதழும் இல்லை, பதிவும் இல்லை.

அதே நேரம் தெற்கில்

நாட்டின் மற்றப் பக்கத்தில் ஆய்வுக் காசுக்கான அமைப்பு அந்த வருசங்களில்தான் உருவாகிக்கொண்டிருந்தது. 1968இல் தேசிய விஞ்ஞானப் பேரவை. 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதன் இடத்தில் இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகாரசபை. 1994ஆம் ஆண்டின் விஞ்ஞான தொழில்நுட்ப அபிவிருத்திச் சட்டத்தைத் தொடர்ந்து தேசிய விஞ்ஞான மன்றம். 1999இல் தேசிய ஆராய்ச்சிப் பேரவை. இவைதான் விரிவுரையாளர்கள் விண்ணப்பிக்கிற பெரிய கதவுகள்.

பிறகு உலக வங்கித் திட்டங்கள் வந்தன. 2003இல் பட்டப்படிப்பின் தரத்தையும் பொருத்தத்தையும் மேம்படுத்துற திட்டம். 2010இல் இருபத்தோராம் நூற்றாண்டுக்கான உயர்கல்வித் திட்டம், 40 மில்லியன் டொலர். 2017இல் 'அஹெட்' எண்டு எல்லாரும் சொல்லுற திட்டம், 100 மில்லியன் டொலர். அஹெட்டுக்குள்ளதான் அபிவிருத்தி நோக்கிய ஆய்வு, புத்தாக்கம், சந்தைப்படுத்தல் எண்ட சொற்கள் பலமாக வந்தன. பல்கலைக்கழகங்களில் வணிக இணைப்பு அலகுகள் முளைச்சதும் இந்தக் காலத்தில்தான். 2008இல் அரசும் பெரிய கம்பனிகள் ஐந்தும் சேர்ந்து தொடங்கின நனோ தொழில்நுட்ப நிறுவனம் இந்த வகைக் கூட்டுக்கு ஒரு முன்மாதிரியாகச் சொல்லப்பட்டது. அது இருக்கிறது ஹோமாகமவில். அது தொடங்கின 2008இல் வன்னி என்ன நிலையில் இருந்தது எண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

இந்தக் காசில் ரெண்டு விசயத்தைக் கவனிக்கவேணும். ஒண்டு, பல்கலைக்கழகத்துக்கு அது மானியமாக வந்தாலும் நாட்டுக்கு அது கடன். ஒரு பீடத்துக்கு வந்து சேர்ந்த கருவியின் விலையை, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட ஏலாது எண்டு அறிவிச்ச அதே அரசுதான் திருப்பிக் கட்டவேணும். அதாவது நாங்கள் வாங்கிற பருப்பிலும் சீனியிலும் இருக்கிற வரி. ஆகவே அந்தக் காசு என்ன செய்தது எண்டு கேட்கிற உரிமை எங்களுக்கும் இருக்கு.

ரெண்டாவது, இதில் பெரும்பகுதி போட்டி முறை. முன்மொழிவு எழுதவேணும், வெளி ஆக்கள் மதிப்பிடுவினம், நல்லதுக்குக் காசு. கேட்க நீதியாக இருக்கு. ஆனால் மதிப்பீட்டில் என்ன பார்க்கிறது? ஏற்கெனவே வெளியான கட்டுரைகள், இருக்கிற ஆய்வுகூடம், இருக்கிற பங்காளி. வருசக்கணக்காக ஆய்வுகூடம் தலையில் சுமந்து திரிஞ்ச பீடமும், அசையாமல் ஒரே இடத்தில் நிண்ட பீடமும் ஒரே கோட்டில் நிண்டு ஓடினால் யார் முந்துவார் எண்டு சொல்ல மதிப்பீட்டாளர் தேவையில்லை.

எல்லாத்துக்கும் மேல, பானையே சின்னது. இலங்கை ஆய்வுக்கும் அபிவிருத்திக்கும் செலவழிக்கிறது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.1 சதவீதத்தைச் சுற்றித்தான் நிக்குது. 1 சதவீதம் எண்ட இலக்கு கொள்கைப் பத்திரங்களில் வரும், போகும். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் கல்விக்கு 6 சதவீதம் கேட்டு மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்ததும் இதே வறட்சியிலிருந்துதான்.

போட்டியில்லாத வழியும் உலகத்தில் இருக்கு. அமெரிக்காவில் 1862இல் மொரில் சட்டத்தால் மாநிலக் கல்லூரிகளுக்கு நிலம் குடுத்தார்கள். அந்த நிலம் பழங்குடிகளிடமிருந்து பறிச்சது எண்டதையும் சேர்த்தே சொல்லவேணும். 1887இல் ஹட்ச் சட்டம் வந்தது. விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒவ்வொரு மாநிலத்துக்கும் வருசம் 15,000 டொலர். பணக்கார மாநிலமா ஏழை மாநிலமா எண்ட கேள்வி இல்லை. 1914இல் இன்னொரு சட்டம், அந்த ஆய்வை வயலுக்குக் கொண்டுபோய்ச் சொல்லுற விரிவாக்க வேலைக்குக் காசு குடுத்தது. முதலில் எல்லாருக்கும் ஒரு அடித்தளம், போட்டி அதுக்கு மேல. எங்களிட்ட அடித்தளம் இல்லாமலே போட்டி தொடங்கியிட்டுது.

திரும்பி வந்த பிறகு

போர் முடிஞ்சு விவசாய பீடம் கிளிநொச்சிக்குத் திரும்பினது. கனகாலக் கோரிக்கையாக இருந்த பொறியியல் பீடம் 2014இல் முதல் அணியை எடுத்தது. 2016இல் தொழில்நுட்ப பீடம். அறிவியல் நகர்க் கட்டடங்களுக்கு இந்திய அரசின் நன்கொடையும் வந்தது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1இல் வவுனியாப் பல்கலைக்கழகமாகியது. முல்லைத்தீவு மாவட்டத்துக்கு இன்னும் ஒரு பீடமும் இல்லை.

இப்ப பங்காளியைத் தேடுவம். கொக்கிளாய்ப் பக்கத்துக் கரையில் இல்மனைற் மண் இருக்கு. அதோட தொடர்ந்த புல்மோட்டையில் 1957இலிருந்து அரசுக் கூட்டுத்தாபனம் அள்ளுது. பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுது. அந்த மண்ணில் எங்கட ஆக்களுக்கு மிஞ்சினது காணிப் பிரச்சினை. கிளிநொச்சியில் ஆடைத் தொழிற்சாலைகள் இருக்கு. கனபேருக்குச் சம்பளம் குடுக்குது, ஆனால் வடிவமைப்பும் ஆய்வும் நடக்கிறது வேற இடத்தில்.

அப்ப உண்மையான தொழிற்துறை யார்? இரணைமடுக் கமக்காரர். நெல் ஆலைக்காரர். பால் சேகரிக்கிற கூட்டுறவுச் சங்கம். பூநகரியிலும் முல்லைத்தீவிலும் நண்டும் இறாலும் பிடிக்கிற கடற்றொழிலாளர். முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் கச்சான் விக்கிற அம்மாமார். கச்சானை ஈரத்தோட வைச்சால் ஒரு பூஞ்சணம் வரும், அதின்ர நஞ்சு ஈரலுக்குக் கூடாது. எப்படிக் காயவைக்கிறது, எதுக்குள்ள போட்டு வைக்கிறது எண்டது முழுக்க முழுக்க ஆய்வுக் கேள்வி. ஆய்வுகூடமும் கச்சான் கடையும் ஒரே றோட்டில் இருக்கு. ஆனால் பங்காளிக் கட்டத்தில் "முறிகண்டிக் கச்சான் வியாபாரிகள்" எண்டு எழுதினால் மதிப்பீட்டுக் குழு என்ன சொல்லும்? கம்பனிப் பதிவு இலக்கம் கேட்கும்.

கலைப்பீடத்துக்காரருக்கு இதில் என்ன வேலை?

இதை எழுதுற நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிறவை. வன்னிப் பெருநிலத்தில் கலைப்பீடம் இல்லை. வரலாறோ சமூகவியலோ படிக்க விரும்புற வன்னிப் பிள்ளை திருநெல்வேலிக்கோ அதுக்கும் அங்காலயோதான் போகவேணும். ஆய்வு-தொழிற்துறை எண்ட பேச்சு வந்தால் எங்களை யாரும் கூப்பிடுறதும் இல்லை.

இரணைமடுவைப் பாருங்கோ. குளத்துத் தண்ணியில் ஒரு பங்கை யாழ்ப்பாணத்துக்குக் குடிதண்ணியாகக் கொண்டுபோற திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோட வந்தது. குளத்தின் கொள்ளளவு, மழைவீழ்ச்சி, கசிவு எண்டு பொறியியல் கணக்கு இருந்தது. கிளிநொச்சிக் கமக்காரர் ஒத்துக்கொள்ளேல்லை. "சிறுபோகத்துக்குத் தண்ணி காணாமல் போனால் யார் பொறுப்பு?" எண்டது அவையின்ர கேள்வி. கடைசியில் கடல்நீரைச் சுத்திகரிக்கிற வழிக்குத் திரும்பி, தாளையடி நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. வருசக்கணக்கான இழுபறி. அதின்ர நடுவில் இருந்தது தண்ணியின் அளவு மட்டுமில்லை. யார் யாரை நம்புறது, குளத்தில் யாருக்கு முதல் உரிமை, குடியேற்றக் காலத்தில் என்ன வாக்குறுதி குடுத்தவை எண்டதும்தான். இது வரலாறு, புவியியல், சமூகவியல், சட்டம். இந்த ஆய்வைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் எவ்வளவு காலமும் காசும் மிஞ்சியிருக்கும்?

இனி

2025இல் ஆனையிறவில் மேசை உப்புத் தொழிற்சாலை திறந்தாச்சு. உப்புக்கு வைச்ச சிங்களப் பெயரைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் நடந்ததும் ஞாபகம் இருக்கும். பெயரும் முக்கியம்தான், மறுக்கேல்லை. ஆனால் அந்த உப்பில் இருந்து அடுத்த பொருள் என்ன, அதை யார் ஆய்வு செய்யப் போயினம் எண்ட கேள்வி அந்தச் சத்தத்துக்குள்ள அமுங்கிப் போச்சு. காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் எண்டு மூண்டு முதலீட்டு வலயங்கள் வரும் எண்டும் அரசாங்கம் சொல்லுது. வந்தால், பரந்தனும் அறிவியல் நகரும் முதல்தரம் ஒரே காலத்தில் நிக்கும். அந்தச் சந்தர்ப்பம் வரேக்க நாங்கள் கேட்கவேண்டியது மூண்டு.

ஒண்டு: போரால் இடம்பெயர்ந்த, புதுசாகத் தொடங்கின பீடங்களுக்குப் போட்டிக்கு வெளியே வருசாவருசம் ஒரு அடிப்படை ஆய்வு நிதி. ரெண்டு: பங்காளி எண்டால் கம்பனி மட்டும் எண்ட விளக்கத்தை மாத்தி, கமக்கார அமைப்புகளையும் கடற்றொழிலாளர் சங்கங்களையும் கூட்டுறவுகளையும் சேர்க்கிறது. மூண்டு: மக்கள் காசில் நடந்த ஆய்வின் முடிவு ஆங்கில ஆய்விதழோட நிண்டுபோகாமல், அந்த ஊர் ஆக்களுக்கு விளங்குற தமிழில் வரவேணும்.

நாலாவது ஒண்டு இருக்கு, அதுக்கு யாரின்ர மானியமும் தேவையில்லை. பரந்தன் தொழிற்சாலையில் வேலை செய்தவை இப்ப எழுபது எண்பது வயசுக்காரர். எப்படி வேலை நடந்தது, என்ன சம்பளம், வாயு கசிஞ்சால் என்ன செய்தவை, கடைசி நாள் எப்படி இருந்தது எண்டு சொல்ல இன்னும் ஆக்கள் இருக்கினம். வலயம் வந்தால் அந்த அனுபவம் தேவைப்படும், வராவிட்டாலும் எங்கட வரலாற்றுக்குத் தேவை. உங்கட தாத்தாவோ பெரியப்பாவோ அங்க வேலை செய்திருந்தால் வாற லீவுக்கு வீட்டை போகேக்க போனை எடுத்துப் பதிவு செய்யுங்கோ. பத்து வருசம் கழிச்சு ஆரும் மானியம் தந்தாலும் அப்ப கேட்க ஆக்கள் இருக்கமாட்டினம்.